பறக்கும் தட்டுகளுக்கு அமானுஷ்ய விளக்கங்கள்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

வேற்றுக்கிரக வாகனம் என்பதை விட்டால் வேறு என்ன விளக்கங்கள் இருக்கின்றன?

பறக்கும் தட்டு என்றதும் வேறு கிரகத்து விண்கலம் நினைவுக்கு வருவது 1947க்குப் பிறகு வந்த பழக்கம். அந்த ஆண்டு ஜூன் 24 அன்று அமெரிக்காவின் வாஷிங்டன் மாநிலத்தில், ரெய்னியர் மலைப் பக்கம் ஒன்பது பொருள்கள் வரிசையாகப் பறந்ததாகக் கென்னத் ஆர்னால்டு என்ற விமானி சொன்னார். 'பறக்கும் தட்டு' என்று பெயர் வைத்தவை பத்திரிகைகள். அதே காலத்திலேயே வேறு கருத்துகளும் முளைத்துவிட்டன. அவை வேறு பரிமாணத்திலிருந்து வருகின்றன என்றார்கள் சிலர். நம்மோடு பூமியிலேயே மறைந்து வாழும் ஏதோ ஓர் இனம் என்றார்கள் வேறு சிலர். தேவதைக் கதைகளில் வருபவர்களே இப்போது வேஷம் மாற்றி வருகிறார்கள், தீய ஆவிகள் ஏமாற்றுகின்றன, மனித மனமே உருவங்களைப் படைக்கிறது, வானத்தில் வாழும் உயிரினங்கள், எதிர்காலத்திலிருந்து வரும் மனிதர்கள் என்று பட்டியல் நீளும். இவற்றோடு சேர்த்துப் பேசப்பட்டாலும் தனியாக வைக்க வேண்டியது நிலத்திலிருந்து எழும் ஒளி பற்றிய கருத்து. அது பாதி புவியியல்.

வேற்றுக்கிரக விளக்கத்தில் என்ன குறை கண்டார்கள்?

வெளியிலிருந்து வந்த சந்தேகவாதிகள் மட்டும் இதைக் கேட்கவில்லை, துறைக்குள் இருந்தவர்களே கேட்டார்கள். பிரான்சில் பிறந்த கணினி அறிவியலாளர் ஜாக் வாலே 1990இல் ஐந்து ஆட்சேபங்களை எழுதினார். ஒரு கிரகத்தை ஆய்வு செய்ய இத்தனை ஆயிரம் முறை தரையிறங்க வேண்டியதில்லை. வந்ததாகச் சொல்லப்படுபவர்களுக்கு இரண்டு கை, இரண்டு கால், முகம். வேறொரு கிரகத்தின் பரிணாமம் இவ்வளவு நம்மைப் போல முடிவது நம்பத் தகுந்ததல்ல. வந்தவர்கள் மனிதரைப் பிடித்துப் போனதாகச் சொல்லும் கடத்தல் சம்பவங்களில் வரும் 'மருத்துவப் பரிசோதனைகள்' முன்னேறிய அறிவியலுக்குப் பொருந்தாத அளவு கரடுமுரடானவை. இத்தகைய காட்சிகள் 1947இல் தொடங்கியவை அல்ல, பழைய ஏடுகளிலும் உண்டு. கடைசியாக, அந்தரத்தில் மறைவது, உருமாறுவது போன்ற நடத்தை விண்கலத்துக்கு உரியதாக இல்லை.

ஐந்தும் கூர்மையான கேள்விகள்தான். ஆனால் வாகனம் என்ற விளக்கம் தோற்றால் அமானுஷ்யம் தானாக வென்றுவிடாது. சாட்சியங்களே நம்பகமற்றவை என்ற மூன்றாவது வழியும் திறந்திருக்கிறது. ஐந்து ஆட்சேபங்களில் நான்கு அதற்கும் அப்படியே பொருந்தும்.

பரிமாணக் கருத்து சரியாக என்ன சொல்கிறது?

1940களில் மீட் லேன் என்ற அமெரிக்கர், தட்டுகள் கண்ணுக்குத் தெரியாத 'ஈதர்' உலகிலிருந்து அடர்த்தி மாறி நம் கண்ணுக்குத் தென்படுகின்றன என்றார். அவருடைய ஆதாரம் ஓர் ஆவி ஊடகர் மூலம் வந்த செய்திகள். 1970இல் ஜான் கீல் என்ற எழுத்தாளர் இதை வேறு மொழியில் சொன்னார்: அவை நாம் பார்க்க முடியாத அலைவரிசைகளில் எப்போதும் இங்கேயே இருப்பவை, விருப்பம்போல் உருவெடுப்பவை. பறக்கும் தட்டுப் புகார்களை விசாரித்த அமெரிக்க விமானப்படையின் புளூ புக் திட்டத்துக்கு ஆலோசகராக இருந்த வானியலாளர் ஆலன் ஹைனக்கூட 1970களில் இந்தப் பக்கம் சாய்ந்தார்.

சிக்கல் இங்கே இருக்கிறது. இயற்பியலில் பரிமாணம் என்பது ஓர் அளவுகோல் திசை. நீளம், அகலம், உயரம் போல. அது குடியிருக்கும் இடமல்ல. இயற்பியலின் சரக் கோட்பாடு (ஸ்டிரிங் தியரி) பேசும் கூடுதல் பரிமாணங்களும் கதவு திறந்து வாகனம் வெளியே வரும் இடங்களாக அங்கே கருதப்படவில்லை. ஆகவே 'வேறு பரிமாணம்' என்பது இப்போதைக்கு 'எங்கிருந்தோ' என்பதன் இன்னொரு பெயர். எந்த நாளில், எந்த இடத்தில், எந்தக் கருவியில் என்ன பதிவாகும் என்று அது சொல்வதில்லை.

தேவதைக் கதைகளோடு ஒப்பிடுவது எவ்வளவு தூரம் நிற்கும்?

ஒற்றுமைகள் உண்மையிலேயே வியக்க வைப்பவை. குட்டையான உருவங்கள், வட்டமாக நசுங்கிய புல், காணாமல் போன நேரம் (இடையில் என்ன நடந்தது என்று நினைவில்லாத பொழுது), குழந்தையை எடுத்துப் போய் வேறொன்றை வைத்துவிடும் குழந்தை மாற்றம், அந்நிய உணவு என இரண்டு மரபிலும் ஒரே சரக்கு. 1961 ஏப்ரலில் அமெரிக்காவின் விஸ்கான்சின் மாநிலத்தில், ஈகிள் ரிவர் ஊரில், தரையிறங்கிய தட்டிலிருந்தவர்கள் ஒருவருக்கு அடை போன்ற பான்கேக்குகள் கொடுத்ததாகப் புகார் வந்தது. சோதனைச்சாலையில் பார்த்தபோது அவை சாதாரண மாவும் கொழுப்பும்தான். தேவதைகள் கொடுக்கும் உணவு பற்றிய கெல்டிக் நம்பிக்கையை வாலே இதற்கு இணையாகக் காட்டினார்.

இன்னொரு சான்றை அதிகக் கவனத்தோடு பார்க்க வேண்டும். லியோன் நகரப் பேராயர் அகோபார்டு, சுமார் 815இல், ஆலங்கட்டி மழை பற்றி ஒரு சிறு நூல் எழுதினார். 'மகோனியா' என்ற நாட்டிலிருந்து மேகக் கப்பல்கள் வந்து விளைச்சலை அள்ளிப் போவதாக மக்கள் நம்புகிறார்கள், அந்தக் கப்பலிலிருந்து விழுந்ததாக மூன்று ஆண்களையும் ஒரு பெண்ணையும் பிடித்துக் கட்டிவந்து கல்லெறிந்து கொல்லப் பார்த்தார்கள் என்று அதில் வருகிறது. இதைப் பறக்கும் தட்டு ஆவணம் என்று மேற்கோள் காட்டுவோர் ஒன்றை மறைத்துவிடுகிறார்கள்: அகோபார்டு எழுதியது அந்த நம்பிக்கையை மறுக்க. யாரும் கப்பலைப் பார்த்ததாக அவர் பதியவில்லை. அது நம்பிக்கைக்குச் சான்று, காட்சிக்கு அல்ல.

தேவதை ஒப்பீட்டின் பெரிய பலவீனம் தேர்வு. ஆயிரக்கணக்கான கதைகளில் பொருந்தியதை எடுத்து, பொருந்தாததை விட்டால் எந்த இரண்டு மரபையும் ஒட்டவைக்கலாம். செய்ய வேண்டியது: ஒப்பிடும் அம்சங்களை முதலில் பட்டியலிட்டு மூடி வைத்துவிட்டு, பிறகு கதைகளைக் குருட்டாம்போக்கில் எடுத்து எண்ணுவது.

பாயிண்ட் பிளசண்ட், அந்துப்பூச்சி மனிதன், பாலம்: இவற்றுக்குள் தொடர்பு உண்டா?

மேற்கு வர்ஜீனியாவின் அந்த ஊரில் 1966 நவம்பரிலிருந்து, சிவந்த கண்களும் சிறகும் கொண்ட 'அந்துப்பூச்சி மனிதன்' உருவம், வானில் ஒளிகள், மர்மமான தொலைபேசி அழைப்புகள் என்று ஓராண்டுக்கு மேல் பேச்சு ஓடியது. 1967 டிசம்பர் 15 மாலை ஒஹாயோ ஆற்றின் மேலிருந்த சில்வர் பாலம் விழுந்து 46 பேர் இறந்தார்கள். இரண்டையும் முடிச்சுப் போட்டவர் கீல்.

பாலம் ஏன் விழுந்தது என்பது தெரிந்த விஷயம். தொங்கு சங்கிலியின் ஒரு கண்ணிப் பட்டையில் சுமார் 2.5 மில்லிமீட்டர் ஆழ விரிசல். அரிப்பும் இழுவிசையும் சேர்ந்து அதை வளர்த்தன. ஒரு மூட்டுக்கு இரண்டே பட்டைகள் என்ற வடிவமைப்பில், ஒன்று போனால் தாங்க வேறு எதுவும் இல்லை. முன்னெச்சரிக்கை என்று ஏற்க வேண்டுமானால், விபத்துக்கு முன்பே தேதியோ பாலமோ எழுத்தில் பதிவாகியிருக்க வேண்டும். விபத்துக்குப் பின் நினைவுகூரப்படும் எச்சரிக்கைக்கு மதிப்பில்லை.

தீய ஆவிகள் என்று சொல்பவர்களின் வாதம் என்ன?

வருபவர்கள் பொய் சொல்கிறார்கள், மதத்துக்கு மாறான செய்தி தருகிறார்கள், கடவுள் பெயரைச் சொன்னால் கடத்தல் நின்றுவிடுகிறது என்பவை கிறிஸ்தவ எழுத்தாளர்கள் சிலரின் வாதங்கள். இறையியல் விவாதத்தில் இதற்கு இடமுண்டு. விசாரணை மேசையில் இல்லை; ஏமாற்றுவதே இயல்பான ஒன்றுக்கு எந்தச் சான்றும் எதிர்ச்சான்றாக ஆகாது.

மனமே உருவாக்குகிறது என்ற கருத்து யுங் சொன்னதுதானா?

பாதி. உளவியலாளர் கார்ல் யுங் 1958இல், பனிப்போர்க் காலப் பதற்றத்தில் மனம் முழுமையின் சின்னமாகிய வட்டத்தை வானத்தில் தேடுகிறது என்றார். ஆனால் எல்லாமே மனமயக்கம் என்று அவர் சொல்லவில்லை. ரேடார் பதிவுகள் தன் விளக்கத்துக்கு இடைஞ்சல் என்று ஒப்புக்கொண்டார்.

பிற்காலத்தில் வந்த தீவிர வடிவம், கூட்டு மனம் உண்மையான பொருளையே உண்டாக்கும் என்பது. இதற்கு 1970களின் தொடக்கத்தில் டொரன்டோவில் நடந்த 'பிலிப்' முயற்சியைக் காட்டுவார்கள். ஒரு குழு வேண்டுமென்றே பிலிப் என்ற கற்பனை மனிதனைப் படைத்து, அவனுடைய ஆவியை அழைத்தது. மேசையில் தட்டும் ஒலி கேட்டது, மேசை நகர்ந்தது. கைகள் மேசைமேல் இருந்தன என்பதை மறக்கக் கூடாது. தெரியாமலே கைகள் தள்ளும் தன்மையை 1853இலேயே மைக்கேல் ஃபாரடே அளந்து காட்டிவிட்டார். மேசைக்கே இந்த நிலை என்றால், வானில் பல டன் எடையுள்ள தட்டு என்பது நெடுந்தூரம்.

வானத்து உயிரினங்களைப் படம் பிடித்ததாகச் சொல்கிறார்களே?

டிரெவர் ஜேம்ஸ் கான்ஸ்டபிள் 1950களின் பிற்பாதியில், கலிஃபோர்னியப் பாலைவனத்தில் விடியற்காலையில் அகச்சிவப்புப் படச்சுருளில் அமீபா போன்ற வடிவங்களைப் பதிவு செய்தார். அகச்சிவப்புச் சுருள் வெப்பத்திலும் கசிந்த வெளிச்சத்திலும் எளிதாக மங்கிப் புகைபோல் ஆகும். கழுவும்போது ரசாயனம் சமமாகப் படியாவிட்டால் கறை விழும். சூரியன் பக்கம் திருப்பினால் வில்லைக்குள் பிரதிபலிப்பு வரும். இன்று அதே வேடத்தை எடுத்துக்கொண்டவை, வில்லைக்கு அருகே பறக்கும் பூச்சியும் தூசியும். சோதிக்க எளிய வழி உண்டு: ஒரே மாதிரி இரண்டு கேமராக்களை 5 மீட்டர் இடைவெளியில் ஒரே நேரத்தில் ஓடவிடுங்கள். ஒன்றில் மட்டும் தெரிந்தால் அது வில்லைப் பக்கத்துச் சமாச்சாரம்.

நிலத்து ஒளிகள் பற்றி ஏன் தனியாகச் சொல்கிறீர்கள்?

ஏனென்றால் இங்கே அளவீடு இருக்கிறது. நிலநடுக்கத்தின்போது ஒளி தோன்றுவது பதிவான நிகழ்வு. ஜப்பானின் மட்சுஷிரோவில் 1965 முதல் 1967 வரை நீடித்த நடுக்கத் தொடரில் புகைப்படங்களே எடுக்கப்பட்டன. பாறை அழுத்தப்படும்போது மின்னூட்டம் பிரிந்து மேலே வரலாம் என்பது கருத்து. இதை விரித்து, பறக்கும் தட்டுகளில் ஒரு பகுதி இப்படிப்பட்ட ஒளியே என்று 1982இல் பால் டெவரூ எழுதினார்.

மிகச் சிறந்த களம் நார்வேயின் ஹெஸ்டாலன் பள்ளத்தாக்கு. 1981 டிசம்பரிலிருந்து 1984 வரை உச்சத்தில் வாரத்துக்கு 15 முதல் 20 காட்சிகள். இப்போது ஓர் ஆண்டு முழுவதற்குமே சுமார் 10 முதல் 20தான். 1984 குளிர்காலத்தில் ரேடார், நிறமாலைத் தகடு, காந்தமானி ஆகியவற்றோடு ஒரு குழு முகாமிட்டது. 1998இலிருந்து தானியங்கி நிலையம் இயங்குகிறது. பதிவானவற்றில் விமானம், கார் விளக்கு, வெள்ளிக் கோள் எல்லாம் உண்டு. அவற்றைக் கழித்த பின்பும் கொஞ்சம் மிஞ்சுகிறது. மிஞ்சியதற்கு முழு விளக்கம் இன்னும் இல்லை. அது வாகனம் என்பதற்கும் ஆவி என்பதற்கும் அங்கே எந்தக் குறிப்பும் இல்லை.

எதிர் உதாரணம் டெக்சாஸின் மார்ஃபா ஒளிகள். 2004இல் இயற்பியல் மாணவர்கள் 67ஆம் எண் நெடுஞ்சாலையின் போக்குவரத்தைக் கண்காணித்து, பார்வை மேடையிலிருந்து தெரிந்த ஒளிகளைக் கார் விளக்குகளோடு பொருத்திக் காட்டினார்கள். ஆஸ்திரேலியாவின் மின் மின் ஒளியை, அடிவானத்துக்கு அப்பாலுள்ள விளக்கு குளிர்ந்த காற்றடுக்கில் வளைந்து தெரியும் கானல் தோற்றம் என்று ஜாக் பெட்டிக்ரூ 2003இல் விளக்கினார். நம் கொள்ளிவாய்ப் பிசாசுக்கும் முதலில் இதே கேள்விதான்: அந்தத் திசையில் எந்தச் சாலை?

காந்தப்புலம் மூளையைத் தொட்டு மாயத் தோற்றம் தருமா?

நரம்பியல் ஆய்வாளர் மைக்கேல் பெர்சிங்கரின் கருத்து இது: நிலத்தகட்டு அழுத்தம் ஒளியையும் தரும், அருகிலிருப்பவர் மூளையில் 'யாரோ இருக்கிறார்கள்' என்ற உணர்வையும் தரும். இதைச் சோதிக்க, மூளைக்கு மெல்லிய காந்தப்புலம் தரும் தலைக்கவசம் ஒன்றை அவர் பயன்படுத்தினார். அதன் புலம் சுமார் 1 மைக்ரோடெஸ்லா. பூமியின் சொந்தப் புலமே 25 முதல் 65 வரை. சுவீடனின் உப்சாலா பல்கலைக்கழகக் குழு, சோதிப்பவருக்கும் சோதிக்கப்படுபவருக்கும் தெரியாதபடி கருவியை இயக்கியும் நிறுத்தியும் பார்த்தபோது, அனுபவத்தைத் தீர்மானித்தது காந்தமல்ல, அந்த ஆளின் எளிதில் வசப்படும் குணமே என்று தெரிந்தது. காட்சிகளை நடுக்கங்களோடு இணைக்க அவர் காட்டிய நில அதிர்வுப் புள்ளிவிவரத்திலும் ஓட்டை உண்டு. மாதக்கணக்கான இடைவெளியும் நூற்றுக்கணக்கான கிலோமீட்டர் சுற்றளவும் அனுமதித்தால், எந்தக் காட்சிக்கும் ஏதாவதொரு நடுக்கம் பொருந்திப் போகும்.

இரவில் படுக்கையறையில் உருவம் நின்றது, உடல் அசையவில்லை. இதுவும் கடத்தலா?

தூக்க முடக்கத்தின் அடையாளங்கள் இவை. கனவு காணும் தூக்கத்தில் உடல் தசைகள் தளர்ந்து பூட்டப்படும். அந்தப் பூட்டு திறக்குமுன் விழிப்பு வந்தால் கண் திறந்திருக்கும், கனவு அறைக்குள் தொடரும். மார்பில் அழுத்தம், அறையில் யாரோ இருக்கும் உணர்வு, ரீங்காரம் எல்லாம் வழக்கமானவை. சுமார் நூற்றில் எட்டுப் பேர் வாழ்நாளில் ஒரு முறையாவது அனுபவித்திருக்கிறார்கள். அமுக்குவான் பேய் என்று நாம் சொல்வதும் இதே. சில வினாடிகளிலிருந்து சில நிமிடங்களில் தானாக விலகும். மல்லாந்து படுப்பதும் தூக்கக் குறைவும் தூண்டும்; அடிக்கடி வந்தாலோ, பகலில் அடக்க முடியாத தூக்கம் இருந்தாலோ மருத்துவரைப் பாருங்கள்.

ஒரு எச்சரிக்கை. 'காணாமல் போன நேரத்தை' மீட்க அறிதுயில் (ஹிப்னாடிசம்) நிலைக்கு உட்படாதீர்கள். அந்த நிலையில் கேட்பவரின் கேள்வியே நினைவாக மாறிவிடும்; அதன் பிறகு எது அசல் என்று உங்களாலேயே பிரிக்க முடியாது. அனுபவம் பொய் என்று இதற்குப் பொருளல்ல. பயம் உண்மை, அனுபவம் உண்மை. அறையில் வேறொருவர் இருந்தார் என்பது தனிக் கேள்வி.

அமானுஷ்யம் என்று சொல்லுமுன் என்னென்ன பார்க்க வேண்டும்?

பார்த்துக்கொண்டிருக்கும்போதே:

1. நேரத்தை வினாடி வரை குறித்துக்கொள்ளுங்கள். கைபேசி நேரம் போதும். ஐந்து நிமிடம் தவறினால் செயற்கைக்கோள் ஒப்பீடு பயனற்றுப் போகும்.
2. திசைமானியில் திசை, கை முஷ்டியால் உயரம். நீட்டிய கையில் முஷ்டி சுமார் 10 பாகை, சுண்டுவிரல் 1 பாகை. முழுநிலா வெறும் அரைப் பாகை.
3. ஓர் ஒளியை ஒரு கம்பத்தின் விளிம்போடு சேர்த்து, தலையைச் சுவரில் சாய்த்து இரண்டு நிமிடம் பாருங்கள். இருட்டில் தனி ஒளியை உற்றுப் பார்த்தால் அது தானாக அலைவதுபோல் தோன்றும். விளிம்பைவிட்டு நகரவில்லையென்றால் நகர்ந்தது உங்கள் கண். விண்மீனும் நான்கு நிமிடத்தில் ஒரு பாகை நகரும் என்பதையும் கணக்கில் வையுங்கள்.
4. தூரமும் அளவும் வேகமும் எழுதாதீர்கள். 1 பாகை அகலமாகத் தெரிவது 100 மீட்டரில் இருந்தால் 1.75 மீட்டர் பொருள். 10 கிலோமீட்டரில் இருந்தால் 175 மீட்டர். கோணம் மட்டுமே உங்களுக்குத் தெரிந்தது.
5. காற்றின் திசையை எழுதுங்கள். ஆரஞ்சு நிறத்தில் சத்தமின்றி காற்றோடு போய்ச் சில நிமிடங்களில் அணைந்தால் அது காகிதக் கூண்டு விளக்கு.

பிறகு ஒப்பிடுங்கள். வெள்ளி சூரியனைவிட்டு 47 பாகைக்கு மேல் விலகாது. மாலையில் மேற்கே, விடியலில் கிழக்கே. ஓடும் வாகனத்திலிருந்து பார்த்தால் அது கூடவே வரும். அடிவானத்தருகே சிவப்பும் பச்சையுமாக மின்னுவது பெரும்பாலும் சிரியஸ் போன்ற பிரகாசமான விண்மீன். பன்னாட்டு விண்வெளி நிலையம் சுமார் 400 கிலோமீட்டர் உயரத்தில் ஆறு நிமிடத்துக்குள் வானைக் கடந்து, பூமி நிழலில் நுழைந்ததும் 'மறையும்'. வரிசையாகப் போகும் ஒளிகள் 2019 மே மாதத்திலிருந்து பெரும்பாலும் ஸ்டார்லிங்க் செயற்கைக்கோள்கள். எரிகல் சில வினாடி. விண்கலச் சிதைவு ஒரு நிமிடத்துக்கும் மேல். வானிலைப் பலூன்கள் உலகெங்கும் நாளுக்கு இருமுறை, ஒருங்கிணைந்த உலக நேரம் 0 மணியையும் 12 மணியையும் ஒட்டி ஏவப்படுகின்றன. 30 கிலோமீட்டர் உயரத்தில் அவற்றின்மேல் வெயில் இருக்கும்போது தரையில் இருட்டியிருக்கும். ஸ்டெல்லேரியம் (விண்மீன், கோள்), ஹெவன்ஸ் அபவ் (செயற்கைக்கோள்), ஃபிளைட்ரேடார்24 (விமானம்) ஆகிய மூன்றிலும் அன்றைய நேரத்தைப் போட்டுப் பாருங்கள்.

சாட்சிகளிடம் எப்படிக் கேட்பது?

தனித்தனியாக, முடிந்தால் 24 மணி நேரத்துக்குள், ஒருவர் சொன்னது மற்றவர் காதில் விழாமல். முதலில் குறுக்கிடாமல் முழுக்கப் பேசவிடுங்கள், பிறகு வரையச் சொல்லுங்கள், அதற்குப் பிறகே கேள்வி. 'ஜன்னல் இருந்ததா?' என்று கேட்காதீர்கள்.

ஏன் என்பதற்கு 1968 மார்ச் 3 நல்ல பாடம். சோவியத்தின் ஸோண்ட் 4 விண்கல ஏவலைச் சேர்ந்த பாகங்கள் அமெரிக்காவின் கிழக்குப் பகுதிக்கு மேல் எரிந்து சிதறின. தனித்தனி நெருப்புத் துண்டுகள் பல மைல் உயரத்தில் போயின. பார்த்தவர்களில் பலர் சரியாகவே சொன்னார்கள். சிலரோ துண்டுகளுக்கிடையே இருட்டை இணைத்து, வரிசையாக ஜன்னல்கள் கொண்ட சுருட்டு வடிவ ஊர்தி தாழப் பறந்ததாக எழுதினார்கள். ஒருவரின் நாய் பயந்து முனகியதாம்; அவருக்கு அடக்க முடியாத தூக்கம் வந்ததாம். அமானுஷ்யப் பக்க விளைவுகள் என்று பட்டியலிடப்படும் அதே வகைச் செய்திகள், மூலம் தெரிந்த ஒரு நிகழ்வைச் சுற்றியே வந்திருக்கின்றன.

விளக்கம் கிடைக்காத மிச்சம் அமானுஷ்யத்துக்குச் சான்றில்லையா?

புளூ புக் 1969இல் மூடப்பட்டபோது 12,618 புகார்களில் 701 அடையாளம் காணப்படாதவை. ஆலன் ஹென்ட்ரி 1979இல் வெளியிட்ட ஆய்வில் 1,307இல் 113. இத்தகைய புகார்களை ஆராயும் பிரெஞ்சு விண்வெளி முகமையின் பிரிவில் சுமார் 3 விழுக்காடு மட்டுமே 'விளக்கமில்லை' வகை. மிச்சம் என்பது தகவல் போதாமையும் நிஜப் புதிரும் கலந்த குவியல். அதற்குள் ஒரே ஒரு காரணம் இருக்க வேண்டும் என்ற கட்டாயமில்லை. பரிமாணக்காரர்களும் விண்கலக்காரர்களும் ஒரே இடத்தில் வழுக்குவது இங்கேதான்.

அப்படியென்றால் எந்தக் கருத்தைத் தொடர்ந்து ஆராயலாம்?

எது தோற்கக்கூடும் என்று முன்கூட்டிச் சொல்கிறதோ அதை. நிலத்து ஒளி என்றால்: இந்த நிலப் பிளவின் 5 கிலோமீட்டருக்குள், இந்த ஆறு மாதத்தில், சாலை விளக்கு தெரியாத திசையில், கேமராவும் காந்தமானியும் ஒரே வினாடியில் பதிய வேண்டும். எல்லையைக் களத்துக்குப் போகுமுன் எழுதித் தேதியிட்டுப் பூட்டுங்கள். பரிமாணக் கருத்துக்கும் வான் உயிரினத்துக்கும் இதே போன்ற ஒரு வரியை அவற்றின் ஆதரவாளர்கள் எழுதட்டும். எழுத முடியாவிட்டால் கருவி வாங்கிச் செலவு செய்யாதீர்கள்.

ஆவி வேட்டைக்கு விற்கும் மின்காந்த அளவி இதற்கு உதவுமா?

உதவாது. அவை 50 அல்லது 60 ஹெர்ட்ஸ் மின்கம்பிப் புலத்தை உணர்வதற்கானவை, சில மலிவானவை ஒரே அச்சில் மட்டும் அளப்பவை. சட்டைப்பையிலிருக்கும் கைபேசிக்கே ஒளிரும். அந்தப் பணத்துக்கு ஒரு உறுதியான முக்காலியும், கேமரா வில்லைமுன் பொருத்தும் நிறப்பிரிகைத் தகடும் வாங்குங்கள். ஒளியின் நிறமாலையில் கோடுகள் தெரிந்தால் வாயு விளக்கா என்று பார்க்கலாம், இடைவெளியின்றிப் பட்டையாக இருந்தால் எரியும் பொருளா, இழை விளக்கா என்று பார்க்கலாம். ஃபோகஸை முடிவிலியில் பூட்டிவிட்டுத் தொடங்குங்கள். தானியங்கி ஃபோகஸ் இருட்டில் தடுமாறும்போது விண்மீனெல்லாம் வட்டத் தட்டாகத் தெரியும்.